வெள்ளிக்கிழமை தேடும் ஐந்து பாட்டு

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். நான் மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த வாரம் வெளியான டிஸ்கோ பாட்டுகளையும், டிஸ்கோவிலிருந்து முளைத்த கிளப் நடன இசையான ஹவுஸ் பாட்டுகளையும் கேட்க உட்காருவேன். பகலில் எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சனிக்கிழமை இரவு கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் பாரில் டிஜே. இது ஒன்பதாவது வருஷம். எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை நான் போடுவது நாற்பது பாட்டு. அதில் ஐந்தோ ஆறோதான் புதியவை. அந்த ஐந்தாறைப் பொறுக்கி எடுப்பதற்குப் பணமும் நேரமும் விட்டுக் கற்றுக்கொண்டதை, நம் பக்கத்தில் இப்போது டிஜேயாகத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் சோமனூர். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். அப்பா எட்டுத் தறி ஓட்டுகிறார். எட்டும் ஒரே மாதிரித் தறிதான், ஆனால் எந்த இரண்டும் சரியாக ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்றில் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இன்னொன்றின் மோட்டார் புதிதாக இருக்கும். சின்ன வயதில் கட்டிலில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் இரண்டு தறியின் அடியை மட்டும் பிரித்துக் கேட்பேன். இரண்டும் ஒரு நேரம் ஒன்றாக விழும், கொஞ்ச தூரம் ஜோடியாகப் போகும், அப்புறம் ஒன்று மெதுவாக முந்திக்கொண்டு போய்விடும். பல வருஷம் கழித்து, கையாலேயே இரண்டு பாட்டின் அடியைச் சேர்க்கக் கற்றபோது எனக்குத் தெரிந்த சத்தமாகவே இருந்தது அது. இப்போது மெஷினில் சிங்க் பட்டன் இருக்கிறது, தட்டினால் சேர்ந்துவிடும். ஆனாலும் தொடங்குகிறவர்கள் முதல் மூன்று மாதம் அதைத் தொடாமல் பழகுங்கள். எந்தப் பாட்டு முந்துகிறது, எது பின்தங்குகிறது என்று காதுக்கே தெரிய வேண்டும். புதிய பாட்டை எடை போடும்போதும் அந்தக் காதுதான் உதவும்.

2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புதிய பாட்டுகள் வெள்ளிக்கிழமை வெளிவருகின்றன. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று இருந்தது. ஒரே நாளில் எல்லாம் வந்து குவிவதால் டிஜேக்களுக்கு வசதியும் உண்டு, தலைசுற்றலும் உண்டு. ஹவுஸ் என்ற ஒரே தலைப்பின் கீழேயே ஒரு வாரத்தில் வருவதை ஒருவர் உட்கார்ந்து முழுதாகக் கேட்டு முடிக்க முடியாது. டீப் ஹவுஸ், டெக் ஹவுஸ், சோல்ஃபுல் ஹவுஸ், நியூ டிஸ்கோ என்று கிளைகள் வேறு.

முதல் வருஷம் நான் செய்த தப்பு இதுதான்: டிஜேக்கள் பாட்டு வாங்கும் ஆன்லைன் கடையான பீட்போர்ட்டின் முதல் நூறு பட்டியலை மேலிருந்து கீழே கேட்டு, நன்றாக இருந்ததையெல்லாம் வாங்கினேன். மாதம் நாற்பது பாட்டு. சம்பளத்தில் பெரிய ஓட்டை. வருஷக் கடைசியில் லைப்ரரியைத் திறந்து கணக்குப் பார்த்தேன். வாங்கியது ஏறக்குறைய நானூற்று எண்பது, இரண்டு தடவைக்கு மேல் போட்டது எழுபதுகூட இல்லை. பட்டியலில் தப்பு இல்லை. ஐபிசாவிலும் லண்டனிலும் நள்ளிரவுக்கு மேல், ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் வாசிக்கும் டிஜேக்கள் வாங்குவதால் ஒரு பாட்டு மேலே ஏறுகிறது. எனக்கு முன்னால் நிற்பது நூற்றைம்பது பேர். நேரம் ஒன்பதரை. சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்ப்பவர்கள், மில் வீட்டுப் பிள்ளைகள், திருப்பூரிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளரைச் சாப்பிடக் கூட்டி வந்தவர்கள், பிறந்தநாள் கொண்டாட வந்த நாலைந்து தோழிகள். பதினொரு மணிக்குக் கடை முடிந்துவிடும். இரவு இரண்டு மணிக்காகச் செய்த பாட்டை அவர்களுக்கு ஒன்பதரைக்குப் போட்டால் காது மட்டும்தான் வலிக்கும்.

அதற்குப் பிறகு பட்டியலை விட்டுவிட்டு லேபிளையும் ரீமிக்ஸ் செய்கிறவரையும் பின்தொடரத் தொடங்கினேன். ஒரு பாட்டு நாம் வாசிக்கும் ஆடுதளத்தில் நன்றாக ஓடினால் அதை வெளியிட்ட லேபிள் எது, அடைப்புக்குறிக்குள் ரீமிக்ஸ் என்று யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டு பேரையும் ஃபாலோ செய்துவிடுங்கள். எனக்கு அப்படிச் சேர்ந்தவை: லண்டனில் 1999இல் தொடங்கிய டிஃபெக்டட், அதன் கிளையாக டிஸ்கோ பக்கம் சாய்ந்த கிளிட்டர்பாக்ஸ், நியூயார்க்கில் 1989இல் தொடங்கிய ஸ்டிரிக்ட்லி ரிதம், புரூக்ளினின் ரேஸர் என் டேப், லண்டனின் மிட்நைட் ரயட், டேவ் லீ நடத்தும் இசட் ரெகார்ட்ஸ். ஆட்களில் டிமிட்ரி ஃப்ரம் பாரிஸ், லூயி வேகா, ஜெர்மனிக்காரரான பர்ப்பிள் டிஸ்கோ மெஷின். இருபது லேபிள், பதினைந்து பேர் போதும். வெள்ளிக்கிழமை நான் கேட்பது இவர்கள் வெளியிட்டதையும், இவர்கள் யாருக்காவது ரீமிக்ஸ் செய்து கொடுத்ததையும்தான். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் புதிய பேர்கள் தானாகக் கிடைக்கும்.

வாங்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிராக்ஸோர்ஸ் சோல்ஃபுல் ஹவுஸ், டிஸ்கோ பக்கம் கனமானது. பீட்போர்ட் எல்லாவற்றுக்கும் பெரிய கடை. சின்ன லேபிள்களும் டிஸ்கோ எடிட்களும் (பழைய பாட்டை டிஜேக்காக வெட்டி ஒட்டியவை) பேண்ட்கேம்ப்பில் அதிகம். அங்கே பேண்ட்கேம்ப் ஃபிரைடே என்று ஒரு வழக்கம் 2020 மார்ச்சில் தொடங்கியது. அன்றைக்கு வாங்கினால் பேண்ட்கேம்ப் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடும், கலைஞருக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். நான் முடிந்தவரை அந்த நாளுக்காகக் காத்திருந்து வாங்குவேன். நம்மை ஆட வைக்கிறவருக்கு அந்தக் காசு போவது எனக்கு முக்கியம்.

காசு என்றதும் ஒரு விஷயம். 2020 மார்ச்சுக்குப் பிறகு கொடுக்கப்பட்ட கார்டுகளில், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே வங்கி ஆப்பில் திறந்துவிட்டால்தான் டாலரில் வாங்க முடியும். அது தெரியாமல் கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் அலைந்தேன். திறக்கும்போதே மாத வரம்பையும் குறைத்து வைத்துவிடுங்கள். டாலர் விலைக்கு மேல் வங்கி தன் கட்டணமாகச் சில சதவீதம் போடும், அதற்கு ஜிஎஸ்டி வேறு. ஒவ்வொரு பாட்டாக வாங்காமல் கார்ட்டில் சேர்த்து வைத்து ஒரே பில்லாகப் போட்டால் கணக்கு வைப்பது எளிது. என் கணக்கு வாரம் ஐந்து பாட்டு. ஆறாவது பிடித்தால் அடுத்த வாரம்.

இந்த ஐந்து என்ற எண்ணில்தான் எனக்கு எல்லாம் மாறியது. நாற்பது வாங்கியபோது ஒன்றையும் முழுதாகத் தெரியாது. ஐந்து என்று வைத்த பிறகு ஒவ்வொன்றும் எங்கே மூச்சு விடுகிறது, பாடகி எந்த இடத்தில் நுழைகிறார், பேஸ் எத்தனை அடிக்கு ஒரு முறை திரும்புகிறது என்று மனப்பாடமாகத் தெரிகிறது.

இனி, கேட்கும் விதம். கடைகளில் இலவசமாகக் கேட்கத் தரும் துண்டு பெரும்பாலும் பாட்டின் மிகச் சூடான இடம். அதைக் கேட்டு வாங்கினால் கல்யாணப் பந்தியில் பாயசத்தை மட்டும் ருசி பார்த்துச் சமையல்காரரை முடிவு செய்த மாதிரி ஆகும். நான் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் முதலில் தேடுவேன். நமக்கு வேலை அங்கேதான். கிளப்புக்கான எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்றால் தொடக்கத்தில் வெறும் டிரம்ஸ் பதினாறோ முப்பத்திரண்டோ பார் ஓடும். 122 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 122 அடி வேகத்தில், முப்பத்திரண்டு பார் என்பது நூற்று இருபத்தெட்டு அடி, அதாவது அறுபத்து மூன்று விநாடி. முந்தைய பாட்டிலிருந்து இதற்குள் அவசரமில்லாமல் நுழைய அந்த ஒரு நிமிடம் வேண்டும். ஒருமுறை அவசரத்தில் பேரை மட்டும் பார்த்து ரேடியோ எடிட்டை வாங்கிவிட்டேன். மூன்று நிமிடப் பாட்டு, எட்டாவது விநாடியிலேயே பாடத் தொடங்கிவிடுகிறார்கள். முந்தைய பாட்டிலும் குரல், இதிலும் குரல். இரண்டு பேர் ஒரே மைக்கில் சண்டை போட்ட மாதிரி ஆகிவிட்டது. தளத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு அக்கா நின்று திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்கவில்லை. வாங்கும் பட்டனைத் தட்டும் முன் நீளத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கிளப் வடிவம்.

வெள்ளி இரவு கேட்டதை அன்றைக்கே வாங்குவதில்லை. எங்கள் கம்பெனியில் துணியின் கலரை டியூப் லைட்டில் மட்டும் பார்த்து ஓகே சொல்ல மாட்டோம். லைட் பாக்ஸில் வைத்து இரண்டு மூன்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரு விளக்கில் ஒத்துப் போன கலர் இன்னொன்றில் விலகி நிற்கும். பாட்டும் அப்படித்தான். இரவு ஹெட்போனில் பிடித்ததைச் சனிக்கிழமை காலை ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்பேன், அப்புறம் காரில். ஹெட்போனில் கோவில் மாதிரி விரிந்து கேட்ட சில பாட்டு, சின்ன ஸ்பீக்கரில் மெலடியே இல்லாமல் வெறும் டிஸ்க் டிஸ்க் என்று மிச்சமாகும். எல்லா விளக்கிலும் கலர் மாறாததைத்தான் வாங்குவேன். இப்படி வடிகட்டினால் வெள்ளி இரவு குறித்த பதினெட்டில் ஐந்துதான் தேறும். ஐந்து என்ற கணக்கும் அங்கேயே சரியாகிவிடுகிறது.

அடுத்தது ஃபைல். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் மிகவும் அடிபட்டேன். மூன்றாவது வருஷம் ஒரு நண்பர் ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார். எல்லாப் புதிய பாட்டும் இலவசம், எல்லாம் 320 எம்பி3 (விநாடிக்கு 320 கிலோபிட், எம்பி3யில் உயர்ந்த தரம்) என்று போட்டிருந்தது. இரண்டு மாதம் அங்கிருந்தே எடுத்தேன். வேறொரு ஹோட்டலில் பெரிய சிஸ்டம் வைத்து ஒரு நிகழ்ச்சி. அதில் அந்தப் பாட்டு ஒன்றைப் போட்டேன். சவுண்டுக்காரத் தம்பி மிக்ஸரிடமிருந்து ஓடி வந்தார்.

"ண்ணா, இந்தப் பாட்டு மட்டும் ஏனுங்க தகர டப்பாவாட்டக் கேக்குது? முந்தின பாட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு."

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, பாட்டின் அலைவரிசைகளை நிறமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்தேன். நல்ல 320 ஃபைலில் அலைவரிசை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை நிறம் தெரியும். இதில் 16இலேயே கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுபோயிருந்தது. 128 எம்பி3யை எடுத்து யாரோ 320 ஆக மாற்றி விட்டிருக்கிறார்கள். அளவு பெரிதாகும், உள்ளே போனது திரும்பி வராது. ஹைஹேட் எனும் ஜோடித் தட்டு, தாம்பூரின், கைத்தட்டு, வயலின் என்று டிஸ்கோவின் மினுமினுப்பு முழுக்க மேல் அலைவரிசையில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் டிஸ்கோவே போன மாதிரி. அன்று இரவே அந்தக் குழுவிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் அழித்தேன். உழைத்தவருக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லையே என்ற குறுகுறுப்பும் அன்றோடு தீர்ந்தது.

இப்போது முடிந்தால் சுருக்கப்படாத ஏஐஎஃப்எஃப் ஃபைல், இல்லாவிட்டால் கடையிலிருந்து நேராக வாங்கிய 320 எம்பி3. வேவ், ஏஐஎஃப்எஃப் இரண்டும் ஒரே தரம்தான், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஆனால் வேவ் ஃபைலில் பேர், படம் போன்ற விவரம் சில மெஷினில் சரியாகத் தெரியாது. இருட்டில் நின்றுகொண்டு பாட்டைத் தேடும்போது இது பெரிய தொல்லை. யூஎஸ்பியை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்து வையுங்கள், பழைய சிடிஜே (டிஜே பிளேயர் மெஷின்) கூடப் படிக்கும். ஒரே லைப்ரரியை இரண்டு யூஎஸ்பியில் ஏற்றி, இரண்டாவதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜே மென்பொருளான ரெகார்ட்பாக்ஸில் ஏற்றியதும் பலர் அது காட்டும் பிபிஎம்மை அப்படியே நம்பிவிடுகிறார்கள். புதிய ஹவுஸ் பாட்டு என்றால் நம்பலாம், கம்ப்யூட்டரில் அடித்த தாளம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். டிஸ்கோவில் நம்பக் கூடாது. எழுபதுகளின் டிஸ்கோ மனிதர் கையால் அடித்தது. பிலடெல்பியாவின் டிரம்மர் ஏர்ல் யங் பேஸ் டிரம்மை நாலு அடியிலும் ஒரே சீராக மிதித்து, ஹைஹேட்டைத் திறந்து மூடி வாசித்த பாணிதான் டிஸ்கோவின் முதுகெலும்பாக நின்றது. ஆனால் மனிதர் கால் கோரஸ் வரும்போது கொஞ்சம் வேகமெடுக்கும், அடங்கும் இடத்தில் இளைப்பாறும். மென்பொருள் முழுப் பாட்டுக்கும் ஒரே பிபிஎம் போட்டுவிட்டால் மூன்றாவது நிமிடத்தில் அது போட்ட தாளக் கோடு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். அந்த நேரம் சிங்கை நம்பினால் தறி இரண்டும் விலகுகிற சத்தம் ஊருக்கே கேட்கும். டைனமிக் முறையில் அனலைஸ் செய்துவிட்டு, பாட்டின் நடுவிலும் கடைசியிலும் போய்க் கோடு அடி மேல் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பாட்டுக்கு நாலு நிமிடம் ஆகும். வாரம் ஐந்து பாட்டுதானே.

வேகத்தை இழுப்பதிலும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். 118இல் இருக்கும் பாட்டை 122க்குக் கொண்டுபோவது மூன்றரை சதவீதம், யாருக்கும் தெரியாது. 112இல் இருக்கும் டிஸ்கோவை 122க்கு இழுத்தால் ஒன்பது சதவீதம் வந்துவிடும். சுருதியை மாறாமல் பிடிக்கும் கீ லாக் போடாவிட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) ஏறிப் பாடகி குழந்தை மாதிரிப் பாடுவார். போட்டால் டிரம்ஸ் கொழகொழத்துப் போகும். நாலு சதவீதத்துக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால், அந்தப் பாட்டுக்கு உரிய நேரம் இது இல்லை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

இந்த இசையின் பழைய கதை தெரிந்திருப்பது புதியதை வாங்க நேரடியாக உதவுகிறது. இப்போது வரும் டிஸ்கோ ஹவுஸில் பாதிக்கு மேல் பழைய ரெக்கார்டுகளின் தோளில்தான் நிற்கிறது. 1976இல் சால்சோல் லேபிள் பன்னிரண்டு அங்குல ரெக்கார்டைக் கடையில் விற்கத் தொடங்கியது. அதன் அகலமான வரிப்பள்ளங்களில் பாட்டை நீட்டவும் பேஸை ஏற்றவும் இடம் கிடைத்தது. எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்று நாம் இன்று வாங்குவது அங்கிருந்து வந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆனால் அதே சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் 1977 முதலே ஃபிராங்கி நக்கல்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். கறுப்பின, லத்தீன் இளைஞர்களும் தற்பாலினத்தவரும் நிம்மதியாக ஆட வந்த இடம் அது. அவர் டிஸ்கோவை விடவில்லை. அதை நீட்டி, டிரம் மெஷினைச் சேர்த்துத் தொடர்ந்து வாசித்தார். அந்தக் கிளப்பின் பேரிலிருந்துதான் ஹவுஸ் என்ற பேர் வந்தது என்கிறார்கள். வெடி வைத்த ஊரிலேயே அது மறுபடி முளைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரில் பிறந்த பித்து இங்கிலாந்து போய் எழுபதுகளில் உலகம் ஆடிய டிஸ்கோ பாட்டுகளைத் தயாரித்தார். பம்பாய் ஸ்டுடியோக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் கம்பெனியின் டிரம் மெஷினையும் பேஸ் மெஷினையும் வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் போட்டார். அதே மெஷின்களை வைத்துச் சிகாகோக்காரர்கள் ஆசிட் ஹவுஸ் செய்தது அதற்குச் சில வருஷம் பிறகுதான். 2010இல் அது மறுவெளியீடு வந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. மறுவெளியீடுகளையும் புதிய ரிலீஸ் என்றே நான் கணக்கில் வைப்பேன். எங்கள் தளத்தில் நிற்பவர்களுக்கு 1978ஆம் வருஷப் பாட்டும் இதுவரை கேட்காத பாட்டுதான். வாரம் ஐந்தில் ஒன்றாவது மறுவெளியீடாகவோ பழையதின் எடிட்டாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பழைய ரெக்கார்டின் ஒலி மெலிதாக இருக்கும், இன்றைய பாட்டு சத்தமாக மாஸ்டர் செய்தது. டிரிம் என்ற ஒலி அளவுத் திருகைச் சரிசெய்யாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனால் கூட்டத்தின் தோள் சட்டென்று தொங்கிவிடும்.

சரி, தளத்துக்கு வருகிறேன். எங்கள் இரவு மூன்று மணி நேரம்தான். சிறிது சிறிதாக ஏற்ற அவகாசம் குறைவு. இங்கே எனக்குக் கைகொடுத்தது கம்பத்தாட்டம். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டதும் ராத்திரி பத்துப் பையன்கள் சுற்றி ஆடுவோம். மேளம் அடிக்கும் அண்ணன் எடுத்தவுடன் வேகமாக அடிக்க மாட்டார். கால் பழகட்டும் என்று ஒரே அடியை அப்படியே பிடித்து வைத்திருப்பார். எல்லாருடைய காலும் ஒன்றாக விழுகிறது என்று கண்டபிறகுதான் ஒரு நூல் ஏற்றுவார், மறுபடி காத்திருப்பார். ஏற்றியது யாருக்கும் தெரியாது, ஆனால் முக்கால் மணி நேரத்தில் தரை அதிரும். நான் எட்டு மணிக்கு 112இல் தொடங்கி, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ பிபிஎம் என்று ஏற்றி, பத்தேகாலுக்கு 124இல் நிற்பது அவரிடம் கற்றதுதான். கால் ஒன்றாக விழாதவரை நான் ஏற்றுவதில்லை.

புதிய பாட்டை நான் தனியாக விடமாட்டேன். கூட்டத்துக்குப் பழகிய ஒன்று முன்னால், பழகிய ஒன்று பின்னால், நடுவில் புதியது. அடுத்தடுத்து இரண்டு புதியதைப் போட்டுப் பல தடவை தளத்தைக் காலி செய்திருக்கிறேன். மேனேஜர் அண்ணன் வந்து காதில் சொல்வார்: "தம்பி, கூட்டம் உக்காந்துருச்சுங்க. நம்ம பாட்டு ஒண்ணு போடுங்க." ஆரம்பத்தில் இதற்குக் கோபம் வரும். இப்போது இல்லை. அவர் சொல்வது நியாயம். எண்பதுகளில் வந்த நம் தமிழ் டிஸ்கோ பாணிப் பாட்டுகளில் நான் எண்ணிப் பார்த்த பலவும் 110க்கும் 125க்கும் நடுவில்தான் இருக்கின்றன. அதே பேஸ், அதே திறந்த ஹைஹேட். எட்டுத் தமிழ்ப் பாட்டுக்கு நானே கோடு போட்டு, கியூ வைத்து (தொடங்கும் இடத்தைக் குறித்து) தயாராக வைத்திருக்கிறேன். புதிய இத்தாலிய டிஸ்கோவிலிருந்து அதற்குள் போய், கூட்டம் கத்தி முடித்ததும் அதிலிருந்து புதிய ஹவுஸுக்கு வெளியே வரலாம். அப்படி வெளியே வரும் இடம்தான் புதிய பாட்டுக்கு மிக நல்ல இடம். ஆள் நிறைந்திருப்பார்கள், மனம் திறந்திருக்கும்.

பாட்டுக்குக் குறிப்பு எழுதும் கட்டத்தில் ஸ்டைல் பேர் எழுதுவதை விட்டுவிட்டேன். 'உட்கார', 'எழ', 'ஆட', 'வழியனுப்ப' என்று நாலே சொல். இருட்டில் தேடும்போது எனக்கு வேண்டியது அதுதான். கூடவே சுருதி எண். 8ஏ என்று எண் உள்ள பாட்டோடு 7ஏ, 9ஏ, 8பி எண் உள்ள பாட்டுகள் மூன்றும் சேரும். இது ஒரு வழிகாட்டி மட்டும். பேஸ் இரண்டும் முட்டினால் எண் சேர்ந்தாலும் காதில் சேராது.

காசு கொடுத்து ஃபைல் வாங்கிவிட்டால் பொது இடத்தில் போடும் உரிமையும் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது தனி. ஹோட்டல் அதற்கான லைசென்ஸ் எடுத்திருக்கிறதா என்று நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு புதிய பாட்டுக்கும் மூன்று வாய்ப்பு தருகிறேன். ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், முன்னால் என்ன, பின்னால் என்ன, தளம் என்ன செய்தது என்று இரவே எழுதிவிடுவேன். நடுவில் ஆடுகிறவர்களைப் பார்த்து எழுதுவதில்லை, அவர்கள் எதற்கும் ஆடுவார்கள். சுவரோரம் டம்ளரோடு நிற்பவர்களின் தோளைப் பார்ப்பேன். போன வருஷம் வாங்கியதில் நான் மிக அதிகம் போட்ட பாட்டு, முதல் இரண்டு தடவையும் விழுந்தது. முதல் தடவை ஒன்பதேகாலுக்கு, சீக்கிரம். இரண்டாவது தடவை தமிழ்ப் பாட்டுக்கு முன்னால், யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை அதற்குப் பின்னால் வைத்தேன். பேஸ் நுழைந்ததும் சுவரோரத் தோள்கள் அசைந்தன.

இப்போது கையில் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு முன் பேண்ட்கேம்ப்பில் எடுத்தது. 120 பிபிஎம், ஏழு நிமிடம், முதல் நிமிடம் முழுக்கக் காங்கா மேளமும் ஹைஹேட்டும், குரல் மூன்றாவது நிமிடத்தில்தான். இரண்டு சனிக்கிழமை போட்டேன், இரண்டிலும் நோட்டில் 'அசையவில்லை' என்றே எழுதியிருக்கிறேன். நேற்று இரவு மறுபடி ஒருமுறை முழுதாகக் கேட்டேன். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க மேலே வந்த அப்பா வாசலில் நின்றார்.

"என்ன கண்ணு, இன்னுந் தூங்கலையா? இத நேத்தும் கேட்டுட்டுத்தான இருந்த?"

"ஆமாங்கப்பா. எங்க வைக்கறதுன்னு தெரியல."

கொஞ்ச நேரம் நின்று கேட்டார். காங்காவைத்தான் கேட்டிருக்க வேண்டும், விரல் கதவு நிலையில் தட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு அதை ஒன்பதே முக்காலுக்கு, கியூவை நாற்பது விநாடி முன்னால் தள்ளி, குரல் இல்லாத ஒரு பாட்டுக்குப் பின்னால் வைக்கப் போகிறேன்.